அடித்தல் இல்லாத படிவம்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு 'அடித்தலே இல்லாத அக்கா' என்று பெயர். வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைப் பற்றிப் பன்னிரண்டு கேள்வி கேட்டு எழுதுவது எங்கள் வேலை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதா, வேண்டியதைக் கை நீட்டிக் காட்டுகிறதா, இப்படி. பதிலை அடித்துத் திருத்தினால் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நாங்களெல்லாம் போட்டுத் தள்ளுவோம். அக்காவின் படிவத்தில் ஒரு கோடுகூட இருக்காது.

புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் படிவத்தைத் தங்கள் வீட்டுக்கே எழுதிப் பழகுவது இங்கே வழக்கம். இரண்டரை வருடம் முன்பு அக்கா தன் மகளுக்கு எழுதியது அத்தனை சுத்தம். பன்னிரண்டுக்கும் 'ஆம்'. அதிகாரி அதை மாதிரிப் படிவமாகச் சுவரில் மாட்டிவிட்டார். நானும் அதைப் பார்த்துத்தான் பழகினேன்.

அதில் பாதிக்கு மேல் பொய். மகள் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். துணி மாட்டும் கிளிப்புகளை நாள் முழுக்க வரிசையாக அடுக்குவாள். "நம்ம வீட்ல அப்படியெல்லாம் எதுவும் இல்ல" என்று கணவன் அன்றே அக்காவின் வாயை அடைத்துவிட்டான். இனி மாற்றினால் பொய் எழுதியவள் என்று வேலை போகும். மாற்றாவிட்டால் மகளுக்கு இப்படிப்பட்ட குழந்தைகளுக்கான பயிற்சி வகுப்பில் இடம் கிடையாது. படிவத்தில் 'இல்லை' நிறைய வந்து எங்கள் பட்டியலில் பெயர் ஏறினால்தான் சேர்ப்பார்கள், அதுவும் ஐந்து வயதுக்குள். தினமும் அந்தச் சுவருக்குக் கீழேதான் அக்காவின் நாற்காலி. எனக்கு இதெல்லாம் பின்னால்தான் தெரியும். பக்கத்திலேயே உட்கார்ந்து என்னத்தைக் கிழித்தேனோ.

மகளுக்கு ஐந்து முடிய எட்டு நாள் இருக்கும்போது எங்கள் படிவங்களைச் சரிபார்க்க ஒரு டாக்டரம்மா வந்தார். "ஆட்டிசம் இவ்ளோ கம்மியா இருக்க வாய்ப்பே இல்ல. குழந்தைங்க கம்மி இல்ல, நீங்க எழுதுறதுதான் கம்மி" என்றார்.

அதிகாரி சுவரைக் காட்டினார். "எல்லாரும் இதப் பாத்துதான் மேடம் எழுதுறாங்க. தப்பே வராது."

அக்கா எழுந்தாள். "அதுதான் சார் தப்பு. அது என் பொண்ணு."

"உக்காரும்மா, அப்புறம் பேசிக்கலாம்" என்று அதிகாரி மழுப்பப் பார்த்தார்.

அக்கா உட்காரவில்லை. படிவத்தைக் கழற்றி மேசையில் வைத்து, முதல் 'ஆம்' மீது கோடு போட்டு 'இல்லை' என்று எழுதினாள். பக்கத்தில் கையெழுத்து. அப்புறம் அடுத்தது. மொத்தம் ஏழு கையெழுத்து. ஏழும் ஏழு விதம்.

டாக்டரம்மா அங்கேயே மகளைப் பட்டியலில் சேர்த்தார். அதிகாரி விளக்கம் கேட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். அக்கா அதைப் பிரிக்காமல் பைக்குள் வைத்தாள்.

"வீட்ல போய் அவர்கிட்ட எப்படிடி சொல்றது?" என்று என்னிடம் கேட்டாள்.