சிறந்த பிரதி எங்களுக்கு வேண்டாம்

நான் வேலை செய்யும் நாடக அரங்கில், நடிகர்கள் மேடைக்குப் போகுமுன் ஒருவர் தோளுக்கு மேலால் மற்றவர் துப்புவார்கள். எச்சில் வருவதில்லை, சத்தம் மட்டும்தான். ‘த்வி, த்வி’ என்பார்கள். நோர்வேக்காரர் ஒருவருக்கொருவர் நல்லது நேரட்டும் என்று சொல்கிற முறை அது. நாடக உடுப்புகளைத் தோய்த்து அயன் பண்ண நான் அங்கே சேர்ந்த முதல் நாள், பொய்முடி தைக்கும் இங்கெர் என் தோளுக்கு மேலால் இப்படிச் செய்தாள். என் நிறத்தைப் பார்த்துத்தான் துப்புகிறாள் என்று நினைத்து, கையிலிருந்த ஈரச் சட்டையை நிலத்தில் எறிந்துவிட்டு முறைத்துக்கொண்டு நின்றேன். அவள் பதறிப்போய் விளக்கம் சொன்னாள். விளங்கியதும் நான் மரியாதையாக ‘தக்’ என்று நன்றி சொன்னேன். அவள் என் வாயைப் பொத்தாத குறை. அதற்கு நன்றி சொன்னால் கெடுதல் வருமாம்.

உண்மையைச் சொன்னால், அன்றைக்குத்தான் இந்த நாட்டு ஆட்களோடு எனக்கு முதன்முதலாக ஓர் ஒட்டுதல் வந்தது. நல்லதை வாய்விட்டுச் சொன்னால் நாவூறு பட்டுவிடும் என்று பயந்த ஊரில் பிறந்தவள் நான். கிளிநொச்சிக்குப் பக்கத்தில் எங்கள் வட்டக்கச்சியில் வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடி, கதிர் பாரத்தில் நெல் தலைசாய்ந்து நிற்கும் காலத்திலும், பயிர் எப்படி என்று யாராவது கேட்டால் அப்பா “ஏதோ நிக்குது” என்றுதான் சொல்வார். நல்லாயிருக்கு என்று சொன்னவரின் வயலுக்குள் அடுத்த கிழமையே வெள்ளம் புகுந்த கதை ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருந்தது. யுத்தம் அந்தப் பழக்கத்தை இன்னும் இறுக்கிவிட்டது. மகன் நன்றாகப் படிக்கிறான், இந்த முறை சமாதானம் நிலைக்கும் என்றெல்லாம் யாராவது சொன்னால் சுற்றியிருப்பவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

ஆனால் தோளுக்கு மேலால் துப்புகிற இதே மனிதர்களுக்கு ‘திப்பே’ என்றொரு பைத்தியமும் உண்டு. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே அடித்துச் சொல்வது. காற்பந்து தொடக்கம் காலநிலை வரை திப்பே. நாட்டின் நாடக விருதுகள் நெருங்கும்போது எங்கள் சாப்பாட்டு அறையின் வெள்ளைப் பலகையில் எந்த விருது எதற்கு என்று ஆளாளுக்கு எழுதுவார்கள். இந்த முறை எங்கள் சின்ன மேடையிலே நாலு நடிகர்களும் ஒரு பியானோவுமாக ஒப்பேற்றிய இசை நாடகம் ஒன்றும் போட்டியில் இருந்தது. தலைநகரில் அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இங்கெர் கண்ணை மூடிக்கொண்டு அதற்கு மூன்று விருதுகளை எழுதினாள். நான் பலகையைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன்.

அந்த ஆரவாரத்தில்தான் நானும் வாயைத் திறந்தேன். என் தங்கை சாந்தியின் மகள் துளசி வட்டக்கச்சியில் முன்பள்ளி ஆசிரியை. ஊர்ப் பொடியன் பெட்டையளைச் சேர்த்து அவள் எழுதிய இசை நாடகமும் கிளிநொச்சியில் ஒரு போட்டிக்குப் போகிறது என்று பெருமையாகச் சொன்னேன். பேர் ‘பட்டி திரும்பவில்லை’ என்றேன். அவ்வளவுதான். பலகையில் துளசிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டார்கள். நாடகத்தின் பெயரை இங்கெர் தன் எழுத்தில் எழுதிய விதத்தைப் பார்த்தால் பட்டி மட்டுமல்ல, தமிழே திரும்பி வராது.

ஒத்திகையை எனக்குக் கைத்தொலைபேசியில் காட்டியிருந்தார்கள். பொழுதுபடும் நேரம் ஒரு தாய் வாசல் படலையில் நின்று, மேயப்போன மாடுகளைப் பாடிக் கூப்பிடுகிறாள். ‘பொழுது பட்டிட்டுது, பட்டி திறந்திருக்கு, வா’ என்று செவலையை, மயிலையை, சுட்டியைக் கூப்பிடுகிறாள். ஒன்றும் வருவதில்லை. ஒவ்வொரு காட்சியிலும் அவளுக்கு வயது ஏறுகிறது, பாட்டு அதேதான். கடைசிக் காட்சியில் மாடுகளின் பெயர்கள் மாறத் தொடங்குகின்றன. சுரேஸ் என்கிறாள். ஜெயந்தி என்கிறாள். ஆகக் கடைசியாக ரமணன் என்கிறாள்.

பக்கச்சார்பில்லாமல்தான் நான் கணித்தேன். சிறந்த இசை கிடைக்காது. கோயிலில் இரவல் வாங்கிய ஆர்மோனியத்தில் ரெண்டு கட்டைகள் ஊமை. காட்சியமைப்பும் ஒளியும் யாழ்ப்பாணத்துக் குழுவுக்குத்தான். அவர்கள் பளை தாண்டி லொறியில் விளக்குகளும் புகை விடுகிற மெஷினும் கொண்டு வருகிறார்கள். துணை நடிகர் பரிசு எங்கள் பாலனுக்குக் கிடைக்க இடமுண்டு. உழவு இயந்திரம் ஓட்டுகிற மனிதன், தொடக்கத்தில் மேயப் போகிற மாடாக நடிக்கிறார், உண்மையான மாட்டுக்கே தன் இனமோ என்று ஐமிச்சம் வரும். எழுத்துக்குக் கொடுக்கிற சிறந்த பிரதி துளசிக்குத்தான், அதில் மாற்றுக் கதை இல்லை. அதை என் கையாலேயே பலகையில் எழுதினேன். துளசி என்று பெயரும் எழுதினேன்.

அடுத்த நாள் சாந்தி ஊரிலிருந்து தொலைபேசி எடுத்தாள். வழமையில் சாப்பாட்டில் தொடங்குகிறவள், அன்றைக்குச் சுகம்கூட விசாரிக்கவில்லை.

“அக்கா, நேற்று ரெண்டு பேர் வந்தவை.”

“ஆர்?”

“ஆரெண்டு சொல்லேல்ல. நாங்களும் கேக்கேல்ல. ஒராள் நல்ல மரியாதை. வெள்ளைச் சேட்டுப் போட்டவர், தமிழும் வடிவாக் கதைச்சவர். தேத்தண்ணி குடிச்சவர். பாட்டு நல்லாயிருக்காம். பேந்து கேட்டார், ஏனம்மா மாட்டுக்கு மனிசற்ற பேர் எண்டு.”

“நீ என்ன சொன்னனி?”

“நாங்கள் மாட்டைப் பிள்ளை மாதிரித்தான் வளக்கிறனாங்கள் எண்டன். அவர் சிரிச்சார். மாடு எந்த வருசம் துலைஞ்சது எண்டு நாடகத்தில வரேல்லையே எண்டார். போகேக்க படலையில நிண்டு, ஆர் எழுதினது எண்டு கேட்டவர். எல்லாரும் சேந்துதான் எண்டு சொன்னன். சரி, பரிசு குடுக்கேக்க தெரியும்தானே எண்டு சொல்லிப்போட்டுப் போனார்.”

போட்டிக்குக் குழுவின் பெயரைத்தான் கொடுத்திருந்தார்கள். ஆனால் பிரதிக்குப் பரிசு கிடைத்தால் எழுதினவர் மேடையேறித்தான் வாங்கவேண்டும். அந்த மரியாதையான மனிதர் அதுவரை காத்திருக்கத் தயாராக இருந்தார். எதற்கும் யோசிக்காதே, பிள்ளை கெட்டிக்காரி, பரிசு நிச்சயம் என்று நான் ஏதோ உளறினேன்.

“நீங்கள் அங்க இருந்து பரிசு குடுக்கிறியள் அக்கா,” என்றாள் சாந்தி. “இஞ்ச வீட்டுக்கு வாறது வேற ஆக்கள். எனக்கு மிச்சம் இது ஒண்டுதான். தோத்துப்போகட்டும் எண்டு நேந்திருக்கிறன்.”

ரமணன் அவளுடைய மூத்தவன். யுத்தத்தின் கடைசி நாட்களில் தாயின் கண்முன்னே இராணுவத்தால் பஸ்ஸில் ஏற்றப்பட்டவன், இன்னும் திரும்பாதவன். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்களாம். துளசி அப்போது சின்னப்பிள்ளை. பஸ் புறப்பட்டபோது அவன் யன்னலால் கையை நீட்டி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ என்று தங்கச்சிக்குத்தான் சைகை காட்டினானாம். நான் அந்த வேளையில் இங்கே, பனி கரைந்துவிட்ட தெருவில் மற்றத் தமிழர்களோடு பதாகை பிடித்துக் கத்திக்கொண்டு நின்றேன். கத்தி முடிந்து வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தேன். கத்துகிறவளை வீடு தேடி வந்து யாரும் எதுவும் கேட்காத நாடு இது. அதற்கு நான் நன்றியுள்ளவள். சில நாட்களில் அந்த நன்றியே எனக்குக் கசக்கும்.

வேலைக்குப் போனதும் முதல் வேலையாகப் பலகையில் இருந்த துளசியின் பெயரை அழித்தேன். இங்கெர் கண்டுவிட்டாள்.

“ஏன்? அவளில் உனக்கு நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டாள்.

“அவள் வென்றுவிடுவாள் என்று பயமாக இருக்கிறது,” என்றேன் நோர்வே மொழியில்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, வெற்றி பெறுகிறவர்களுக்கு அந்தப் பயம் வருவது இயல்பு, தன் மகளும் பியானோப் போட்டிக்கு முன் வாந்தி எடுத்தவள் என்று ஆறுதல் சொன்னாள். என் மொழியில் பிழை இல்லை. அவளுடைய அன்பிலும் பிழை இல்லை. இருந்தும் அவள் சொன்னதற்கும் நான் பயந்ததற்கும் இடையில் ஒரு கடல் கிடந்தது. அதை நீந்திக் கடக்க அன்றைக்கு எனக்குத் தென்பில்லை. தலையாட்டிவிட்டு உடுப்பறைக்குப் போய்விட்டேன்.

துளசியோடு கதைத்துப் பார்த்தேன். கடைசிப் பாட்டை மட்டும் மாற்று, மாடுகளின் பெயரோடு நிற்பாட்டு என்றேன்.

“அப்ப அது மாட்டைப் பற்றின நாடகம் பெரியம்மா,” என்றாள்.

“பரிசு வேணுமோ உனக்கு?”

“பரிசு ஆருக்கு வேணும்? அண்ணான்ர பேரை ஒருக்கா மைக்கில ஆரும் கூப்பிட்டுக் கேக்கவேணும் எனக்கு.”

“கொம்மாவைப் பாக்கமாட்டியோ பிள்ளை?”

“அம்மாவைப் பாத்துத்தான் எழுதினனான்.”

ஏசவும் மனம் வரவில்லை. பெருமைப்படவும் துணிவு வரவில்லை.

பரிசளிப்பு நாளில், அங்கே பொழுது சாயும் நேரம் இங்கே எங்களுக்கு மதியச் சாப்பாட்டு வேளை. துளசியின் குழுவில் ஒருத்தி மண்டபத்திலிருந்து நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தாள். இங்கெர் என்னைக் கேட்காமலே என் கைத்தொலைபேசியைப் பெரிய திரையோடு இணைத்துவிட்டாள். பாண் துண்டுகளும் கோப்பியுமாக எல்லோரும் குந்திவிட்டார்கள். ஒரு சொல்லும் விளங்காத எட்டுப்பேர், தங்கள் சொந்த விருதுகளுக்கு இருப்பது போல ஆவலாக இருந்தார்கள்.

சிறந்த துணை நடிகராகப் பாலனைக் கூப்பிட்டார்கள். மனிதன் கொம்பைக் கழற்ற மறந்து அப்படியே மேடைக்கு ஏறினார். இங்கே சாப்பாட்டு அறை கூரை கிளம்பக் கத்தியது. நானும் சிரித்துவிட்டேன். இதோடு போதும், இதோடு விட்டுவிடு என்று மனதுக்குள் கும்பிட்டேன். இசைக்கும் ஒளிக்கும் யாழ்ப்பாணத்துக் குழு எழும்பிப் போனபோது, சொந்த ஊர் தோற்பதைப் பார்த்து எனக்கு உடம்பு லேசாகியது. அப்படி ஒரு சந்தோசத்தை நான் முன்னர் அறிந்ததில்லை.

பிறகு சிறந்த பிரதி. அறிவிப்பாளர் ‘பட்டி திரும்பவில்லை’ என்றார். பிரதியாசிரியர் மேடைக்கு வரவும் என்றார். ஒருவரும் எழும்பவில்லை. காட்டிக்கொண்டிருந்த பெண் படத்தைச் சபைப் பக்கம் திருப்பினாள். மண்டபத்தில் எத்தனையோ கைகளில் தொலைபேசிகள் உயர்ந்திருந்தன. எல்லாம் மேடையைப் பார்த்திருந்தன. பக்கக் கதவடியில் வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒருவரின் தொலைபேசி மட்டும் கதிரைகளில் இருந்தவர்களைப் பார்த்திருந்தது. அறிவிப்பாளர் மறுபடியும் கூப்பிட்டார். மூன்றாம் வரிசையில் துளசி கதிரையின் கைப்பிடியை ஊன்றுவது தெரிந்தது. சாந்தியின் கை அவளுடைய தோளை அமத்தி இருத்தியது. இருத்திவிட்டுச் சாந்தி எழும்பினாள்.

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வயல் வரம்பில் நடக்கிறவள் போல அடி பார்த்து நடந்துபோய் மேடையில் ஏறினாள் என் தங்கை. வாழ்நாளில் மேடை ஏறாதவள். கடிதம் எழுதக்கூடப் பிள்ளையைக் கூப்பிடுகிறவள்.

“நீங்களோ அம்மா எழுதினது?” என்று அறிவிப்பாளர் மைக்கை நீட்டினார்.

“ஓம். அதில கடைசியாக் கூப்பிடுற பேரை வைச்சது நான்தான்.”

“உங்கட பேர்?”

“ரமணன்ர அம்மா.”

இங்கெர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். எழுதியவள் இளம்பெண் என்றல்லவா சொன்னாய், இது யார் என்று கேட்டாள். ‘மின் சோஸ்தர்’, என் தங்கை என்றேன். எழுதியதும் அவள்தான், நான் முன்னர் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்றேன். யாரும் யாரையும் தேடி வராத அந்த அறையில், எனக்குக் குரல் அடங்கி, கதவைப் பார்த்துக்கொண்டே அந்தப் பொய்யைச் சொன்னேன். எப்போது எழும்பினேன் என்று எனக்கே தெரியாது, நான் எழும்பி நின்றிருந்தேன். நான் மரியாதைக்கு எழும்பியதாக நினைத்து இங்கெரும் எழும்பினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் எழும்பிக் கைதட்டத் தொடங்கினார்கள். திரையில், கிளிநொச்சி மண்டபத்தில், ஒரு கைகூடத் தட்டவில்லை. சாந்தி கேடயத்தை நெஞ்சோடு அணைத்தபடி தனியே நின்றாள். சுற்றிவர எட்டுப்பேர் என் தங்கைக்காகக் கைதட்ட, நான் தட்டாமல், கதவடியில் அந்தத் தொலைபேசி கதிரைகளை விட்டு மெதுவாக அவள் பக்கம் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.