வாசிக்காமல் விட்ட வரிகள்

மேகங்களின் மேல் ஆண்டவர் வருவார் என்று பாஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். அதில்தான் எனக்குச் சிக்கல். மடுல்சீமைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் மேகம் எங்கோ வானத்தில் நிற்கிற பொருள் இல்லை. மத்தியானம் இரண்டு மணி போல பள்ளத்திலிருந்து ஏறும். தேயிலை நிரைகளைத் தாண்டும். லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளின் வாசலில் காய்கிற துணிகளை நனைத்துவிட்டு, யாரையும் கேட்காமல் வீட்டுக்குள் நுழையும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. எதிரே ஓர் உருவம் அசைந்தால் அவராக இருக்குமோ என்று நின்றுவிடுவேன். கிட்டே வந்து பார்த்தால் விறகுக் கட்டோடு யாராவது ஓர் அக்காவாக இருக்கும். அவர் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டதற்கு, எல்லாக் கண்களும் அவரைக் காணும் என்றார் பாஸ்டர். எங்கள் ஊர்ப் பனியில் அது நடக்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தார். தீபாவளிக்கு வருவார், அம்மா ஜெபவீட்டுக்குப் போகத் தொடங்கிய பிறகு கிறிஸ்மசுக்கும் வந்தார். அம்மாவும் பெரியம்மாவும் பக்கத்துப் பக்கத்து நிரைகளில் கொழுந்து பறிப்பார்கள். ஒரே மலையில் இரண்டு பேர் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும்போது ஒருத்தியை அவர் எடுத்துக்கொள்வார், மற்றவளை விட்டுவிடுவார் என்று பாஸ்டர் எங்களுக்குப் புரிகிற மாதிரி ஒருநாள் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தினமும் மாலையில் நான் லயத்து முனையில் நின்று, திரும்பி வருகிறவர்களில் அம்மா இருக்கிறாளா என்று பார்ப்பேன். முதலில் பெரியம்மா மட்டும் தனியாக வந்தால் அழுகை முட்டிக்கொண்டு வரும்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. வேதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டுவது என் வேலை. இன்னொரு வேலையும் இருந்தது. என் தம்பி. அவனுக்கு ஐந்து வயது. காக்காய் வலிப்பு. பதுளைப் பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் கொடுத்த குளிசையைக் காலையும் மாலையும் அம்மா தேநீரில் கரைத்துக் கொடுப்பாள். பள்ளிக்கூடம் விட்டதும் வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்திலிருந்து அவனை அழைத்து வந்து, அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வரும்வரை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி, வாய் நுரையைத் துடைத்து, அவன் கண் திறக்கும்வரை பக்கத்தில் இருக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் கயிறு அடித்து விளையாடுகிற சத்தம் வெளியே கேட்கும். நான் அவனுடைய கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த வருடம் பெரிய மழை. மண்சரிவில் பாதை உடைந்து பஸ் நின்றுபோனது. மாதம் ஒருமுறை பசறையிலிருந்து வருகிற பாஸ்டரும் இரண்டு மாதமாக வரவில்லை. அந்த இடைவெளியில்தான் அந்த மனிதர் வந்தார்.

வெள்ளிக்கிழமை. கொழுந்து நிறுக்கிற நேரம். தம்பியைக் கையில் பிடித்தபடி நானும் அங்கே நின்றிருந்தேன். உடைந்த பாதைப் பக்கமிருந்து, பனிக்குள்ளிருந்து அவர் நடந்து வந்தார். உயரம், ஒல்லி, தாடி. முழங்கால்வரை சேறு. தோளில் ஒரு துணிப்பை. அந்த நேரம் பார்த்துப் பெரியம்மாவின் தலையிலிருந்த கொழுந்துச் சாக்கு சரிந்தது. அவர் எட்டி இரண்டு கையாலும் பிடித்துத் தராசில் வைத்தார். அப்போதுதான் பெரியம்மா பார்த்தாள். இரண்டு உள்ளங்கையிலும் நடுவே, சோடா மூடி அளவில், சுருங்கிய தழும்பு.

"ஐயா, இது என்ன காயங்க?"

அவர் தன் கைகளை யாரோ ஒருவருடைய கைகளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "பழைய காயம்மா" என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. மீதியைப் பெரியம்மா சொன்னாள். எவ்வளவு பழையது என்று அவர் சொன்னாரா? சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? இப்படிக் கேட்டுக் கேட்டு, அன்று மாலைக்குள் அதைச் சிலுவையில் ஆணி அடித்த காயமாக, இரண்டாயிரம் வருடப் பழசாக்கிவிட்டாள்.

ஜெபவீடு என்பது எங்கள் லயத்தின் கடைசிக் காம்பரா. யாரும் குடியில்லாத ஒற்றை அறை. அவரை அங்கே தங்க வைத்தார்கள். பாஸ்டரைப் போல அவர் சத்தம் போடவில்லை. கண்ணை மூடி மெல்லப் பேசினார். கொடுத்ததைச் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை, "போன தடவ மாட்டுத் தொழுவத்துல வந்தாரு. இந்தத் தடவ லயத்துல வந்தா நம்புவீங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டது கேள்வி. எங்கள் ஆட்கள் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டார்கள். அவர் கை வைத்ததும் பெரியம்மாவுக்கு முழங்கால் வலி போனது. மாரியம்மன் கோயில் கமிட்டியில் இருந்தவர்கூட, சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்று சொல்லிக்கொண்டு தலைவலிக்குக் கை வைக்கச் சொன்னார்.

புதன்கிழமை தம்பியின் தலையிலும் கை வைத்தார். நாலு நாள் வலிப்பு வரவில்லை. ஐந்தாம் நாள் பெரியம்மா எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"இன்னும் எதுக்குடி குளுச? அவரே கை வச்சிட்டாரு. இனியும் குளுச கொடுத்தா அவர் மூஞ்சியில துப்புற மாதிரி."

அம்மா குளிசைப் பொட்டலத்தை எடுத்து, திரும்ப அதே இடத்தில் வைத்தாள். பெரியம்மா போனதும் அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அந்த வருகை அதிகாரத்த வாசி, புள்ள. மெதுவா வாசி."

எனக்கு அந்த அதிகாரம் தெரியும். யுத்தங்கள் வரும், பூமி அதிரும், சூரியன் இருண்டு போகும், பிறகு மேகங்களில் வருவார். ஆனால் நடுவே ஓரிடம் இருக்கிறது. அவர் இங்கே இருக்கிறார், அங்கே இருக்கிறார் என்று யார் சொன்னாலும் நம்பாதே, அறைக்குள் இருக்கிறார் என்று சொன்னாலும் நம்பாதே என்று அந்த இடம் எச்சரிக்கும். விரலை வரிவரியாக நகர்த்தி வாசித்துக்கொண்டே வந்தேன். அந்த வரிகள் வரப்போவது பக்கத்தின் கீழே கண்ணுக்குத் தெரிந்தது. கடைசிக் காம்பராவில் அவர் உட்கார்ந்திருந்தது மனதில் வந்தது. தம்பி மூலையில் தூங்கிக்கொண்டிருந்தான். அவர் அவராக இருந்தால் இவனுக்கு இனி வலிப்பு வராது. நான் கயிறு அடிக்கப் போகலாம்.

விரலைத் தூக்கினேன். நாலு வரி தாண்டி வைத்தேன். குரல் மாறாமல் தொடர்ந்து வாசித்தேன்.

முடித்ததும் அம்மா என்னைப் பார்த்தாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்மா."

மறுநாள் காலை தம்பியின் தேநீரில் குளிசை விழவில்லை. அம்மா அவனுக்கு வெறும் தேநீரைக் கொடுத்தாள். நான் என் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் வாயையே பார்த்தேன். அன்று ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாளும் ஆகவில்லை. மூன்றாம் நாள் நான் நிஜமாகவே கயிறு அடிக்கப் போனேன். நாலு குதி குதித்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்து எட்டிப் பார்த்தேன். மறுபடி போனேன். மறுபடி ஓடி வந்தேன். அதுதான் நான் விளையாடிய விளையாட்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜெபவீட்டில் மூச்சுவிட இடமில்லை. வாசற்படியிலும் ஆட்கள். பாட்டு ஏறிக்கொண்டிருந்தது. தம்பி அம்மாவின் மடியில் இருந்தான். அவனுடைய இடது கை விரல்கள் மடங்குவதை நான்தான் முதலில் பார்த்தேன். அடுத்த நொடி உடம்பு வில்லாக வளைந்தது.

எப்போதும் ஒரு பாட்டு முடிகிற நேரத்துக்குள் அடங்கிவிடும். அந்தப் பாட்டு முடிந்தது. அடங்கவில்லை. இன்னொரு பாட்டைத் தொடங்கினார்கள். அவனுடைய உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு எழப் போனாள். பெரியம்மா அவள் தோளை அழுத்தினாள்.

"யாரும் தொடாதீங்க! அவர் பாத்துக்குவாரு!"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் முன்னால், சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். கைகள் பாதி உயர்ந்து அப்படியே நின்றன. இதற்குள் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அம்மா பாதி எழுந்த நிலையில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியின் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. அதுவரை நான் கேட்காத சத்தம்.

நான் கத்திவிட்டேன்.

"வாசிக்காம விட்டுட்டேம்மா! நம்பாதேன்னு இருக்கு! அறைக்குள்ள இருக்காருன்னு சொன்னாலும் நம்பாதேன்னு எழுதியிருக்கு! நான்தான் வாசிக்கல!"

பெரியம்மாவின் கை வந்து என் வாயைப் பொத்தியது. பாட்டு நின்றது. அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அடி விழும் என்று கண்ணை மூடினேன். கண்ணைத் திறந்தபோது அந்த மனிதர் ஆட்களுக்கு நடுவே வந்துகொண்டிருந்தார். அம்மாவின் மடியிலிருந்து தம்பியை வாரி எடுத்தார்.

"வழிய விடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

யாரும் நகரவில்லை.

"நான் ஒண்ணுமில்லீங்க. நானும் உங்கள மாதிரி ஒரு மனுசன். வழிய விடுங்க!"

அப்போதும் நகரவில்லை. தங்கள் விசுவாசத்தை அவர் சோதிக்கிறார் என்று நினைத்தார்களாம், பிறகு சொன்னார்கள். சிலர் அழுதுகொண்டே முழங்காலில் விழுந்தார்கள். அதனால் வாசல் இன்னும் அடைபட்டது. அவர் தோளால் இடித்து, ஒருவரைத் தள்ளி, இன்னொருவரைத் தாண்டி வெளியே வந்து ஓடினார். அம்மா பின்னால் ஓடினாள். அம்மாவின் சேலையைப் பிடித்தபடி நான்.

தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் இறங்கினோம். மண்சரிந்த இடத்தில் சேறு அவருக்கு இடுப்புவரை வந்தது. தம்பியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாகக் காலை உருவி எடுத்துக் கடந்தார். ஒருமுறை சரிந்தார். முழங்கை சேற்றில் ஊன்றியது. தம்பி மேலே சேறு படவில்லை. அந்தப் பக்கம் யாரையோ இறக்கிவிட்டுத் திரும்பவிருந்த ஓர் ஆட்டோ நின்றது.

ஆட்டோவில் போய்ச் சேர்ந்த சின்ன ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகுதான் தம்பியின் உடம்பு தளர்ந்தது. உதட்டில் நிறம் திரும்பியது. டாக்டர் அம்மாவைத் திட்டினார். குளிசையை யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா சொன்னாள், "நான்தான் நிப்பாட்டினேங்க."

பதுளைக்குக் கொண்டுபோக அம்புலன்ஸ் வரும்வரை வெளியே மர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தோம். அந்த மனிதர் வாங்கின் மறு முனையில் உட்கார்ந்திருந்தார். சேறு காய்ந்து கால்களில் வெடித்திருந்தது.

"நான் அவருன்னு நான் சொல்லவே இல்லம்மா" என்றார்.

"இல்லன்னும் சொல்லலியே, ஐயா" என்றாள் அம்மா.

அவர் குனிந்து காலிலிருந்த சேற்றைச் சுரண்டினார். "எங்க போனாலும் தொரத்துவாங்க. இங்கதான் கால் கழுவத் தண்ணி கொடுத்தாங்க" என்றார். அம்புலன்ஸில் தம்பியை ஏற்றும்போது திரும்பிப் பார்த்தேன். குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை. எங்கள் அவிசுவாசத்தால்தான் போய்விட்டார் என்று பெரியம்மா ஆறு மாதம் அம்மாவோடு பேசவில்லை.

நான் செய்ததைப் பற்றி அம்மா அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. வளர்ந்து, படித்து, ஆசிரியையான பிறகும், வகுப்பில் ஒரு பிள்ளை வாசிக்கும்போது ஒரு வரியைத் தவறவிட்டால் அந்த வரியை நானே உரக்க வாசித்துவிடுவேன். தம்பி இப்போது பண்டாரவளையில் ஒரு கடையில் வேலை செய்கிறான். வேளைக்குக் குளிசை போடுகிறான். கல்யாணப் பேச்சும் நடக்கிறது.

சென்ற வருடம் அம்மாவுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். ஒரு கண்ணில் கட்டும் மறு கண்ணில் இன்னும் எடுக்காத புரையுமாகப் படுத்திருந்தவளிடம், அவள் என்னைப் பார்க்க முடியாத அந்தத் தைரியத்தில், முதல்முறையாக மன்னிப்புக் கேட்டேன்.

அம்மா மெல்லச் சிரித்தாள். "நீ விட்டது எனக்கு அப்பவே தெரியும். பாஸ்டர் எத்தன தடவ வாசிச்சிருப்பாரு? எனக்கு எழுத்துதான் தெரியாது. காது கேக்கும்ல."

பிறகு ஏன் குளிசையை நிறுத்தினாய் என்று கேட்டேன்.

"நீ அந்த எடத்த தாண்டிப் போனதும், சரி, அது இல்லாமலே இருக்கட்டும்னு எனக்கும் தோணிச்சு. அவ்வளவுதானான்னு ஒரு தடவ கேட்டும் பாத்தேன். நீயும் ஆமான்னுட்ட." கட்டுக்குக் கீழே கன்னத்தில் வழிந்ததை அவளே துடைத்துக்கொண்டாள். "அஞ்சு வருசமா ஒரு நாள்கூட முழுசாத் தூங்கல, புள்ள."

தம்பி பிறந்ததிலிருந்து அவள் தூங்கவில்லை. காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய், நாளெல்லாம் மலையில் நின்று, மாலையில் வந்து, அவனுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டே விடிகிறவரை கிடந்திருக்கிறாள். மாலையானால் நான் அவளிடம் தம்பியை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்துவிடுவேன். அதற்குப் பிறகு அவனை யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்வி அம்மாவுக்கும் இருந்திருக்கும் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.