ஒஸ்லோவில் எண்ணிய தீவுச் சனம்

எங்கள் தீவாரின் ஊர்ச்சங்கம் ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் கூடியது. தீர்மானிக்க இருந்தது ஒன்றுதான்: சங்கக் காசில் ஊரில் கலியாண மண்டபம் கட்டுவதா, பின்னேரப் படகை மறுபடி ஓடவைப்பதா. ஏற ஆளில்லை என்று அந்தப் படகை நிறுத்திவிட்டார்கள். தீவில் இருக்கிற என் அக்கா கிளினிக்குக்குக் கடல் கடந்து யாழ்ப்பாணம் போனால் அன்றைக்கே வீடு திரும்பமுடியாது. நான் போனது அந்தப் படகுக்காக.

தலைவர் திரையில் ஒரு கோடு காட்டினார். எங்கள் தீவின் சன அடர்த்தி வருசத்துக்கு வருசம் ஏறுகிறதாம்! பக்கத்தில் இருந்த என் மகள் நிமிர்ந்தாள். அந்தக் கிழமைதான் பள்ளிக்கூடத்துக்காக, அமெரிக்காவின் கீழ் இருக்கிற ஒரு பசுபிக் தீவைப் பற்றி எழுதியிருந்தாள். அங்கேயும் கனகாலம் சதுரக் கிலோமீற்றருக்கு ஆட்கள் கூடிக்கொண்டுதான் போனார்கள். பிறகு சனம் வேலைக்கும் படிப்புக்கும் வெளிக்கிட, கோடு கீழே வளைந்துவிட்டது. போனவர்களை ஒருவரும் அந்தத் தீவுக் கணக்கில் எழுதவில்லை. பாவம், அவர்களுக்கு எங்கள் தலைவர் வாய்க்கவில்லை.

எங்கள் தீவாருக்கு ஒஸ்லோ, பேர்கன், லண்டன், எங்கே பிள்ளை பிறந்தாலும் சங்கக் கொப்பியில் பெயர் ஏறும். அந்த மனிசன் கொப்பியில் இருந்த அத்தனை பேரையும் கூட்டி, தீவின் பரப்பால் பிரித்திருந்தார்.

"மாமா, இதிலை நானும் இருக்கிறனோ?" என்று மகள் கேட்டாள்.

"ஓம் பிள்ளை. நீரும் எங்கடை தீவுதானே."

"நான் ஒஸ்லோவிலை, ரொம்சோஸிலை எல்லோ இருக்கிறன். அங்கை எப்பிடி நெருக்குப்படுவன்?"

பின்வரிசை சிரித்தது. தலைவர் அசையவில்லை. "உடம்பு இஞ்சை, உயிர் அங்கை, பிள்ளை," என்றார். கைதட்டு வேறு! சனம் சொல்லுகிற வசனங்களை ஆசையாகப் பொறுக்கி வைக்கிற ஆள் நான், இதைப் பொறுக்கவில்லை. உயிர்கள் வந்து கதிரையில் இருந்து கலியாணச் சோறு தின்னுமோ?

நான் எழும்பினேன். "அண்ணை, அங்கை மிஞ்சியிருக்கிறது என்ரை அக்காவைப் போலக் கொஞ்சச் சனம். அதுகளுக்குப் படகுதான் வேணும்."

"தம்பி, நீர் சின்னனா யோசிக்கிறீர். சனம் பெருகுது."

"பொரிச்ச ரோல்ஸ் ஆறுது, கெதியாக் கையைத் தூக்குங்கோ," என்றா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்ற மாமி.

படகுக்குத் தூக்கியது நான், மாமி, மகள். தலைவர் என் மகளின் கையைத் தாண்டி எண்ணினார். "உமக்கு இன்னும் வயசு வரேல்லை, பிள்ளை." தீவை நிரப்ப மட்டும் அவளுக்கு வயசு வந்திருந்தது. மண்டபம் வென்றது.

வீட்டுக்கு வந்து அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"மண்டபமோ? கூட்டித் துடைக்க ஆராம்?" என்று சிரித்தா. பிறகு சிரிப்பு நின்றது. "இனிக் கிளினிக்குக்குப் போகேல்லையடா. ஒவ்வொருக்காலும் படுக்க இடம் கேட்டு யாழ்ப்பாணத்திலை ஆற்றையோ வீட்டுக் கதவைத் தட்ட வெக்கமாக் கிடக்கு."