இடிப்பதற்காகச் சுவர் கட்டிய என் மருமகன்

பைத்தியமாம்! என் மருமகனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று மாடி வீட்டுக்காரி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். இருந்த சுவரை இடித்தானாம், இடித்ததைக் கட்டினானாம், கட்டியதைத் திரும்ப இடித்தானாம். ஆமாம், செய்தார். நான் இல்லையென்றா சொன்னேன்? ஏன் செய்தார் என்று ஒரு வார்த்தை கேட்டாளா அவள்? சொல்வதற்கு நான் குத்துக்கல்லாட்டம் கீழேயே உட்கார்ந்திருந்தேனே!

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மருமகனுக்குப் பொய் சொல்ல வராது. தையல்காரர் அவர், வீட்டு முன்னறையில் மெஷின் போட்டிருக்கிறார். சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர், "நான் இளைச்சுட்டேன்ல?" என்று ஆசையாகக் கேட்டால், நாடாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இல்லைங்க, போன தடவைக்கு ரெண்டு விரல் கூட" என்பார். அப்படியும் ஆட்கள் வருகிறார்களென்றால் தையல் எப்படி என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரே சுவர். அதற்குள் ஓடிய பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்து, சுவருக்கு வேர்க்க ஆரம்பித்தது. உப்பு டப்பாவைத் திறந்தால் உள்ளே குளம். என் மகள் நச்சரித்து நச்சரித்து, அவரும் ஒரு பிளம்பரைக் கூட்டிவந்து சுவரை இடிக்கச் சொன்னார். முழுசாக இடித்து முடித்து, தலையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டே பிளம்பர் கேட்டான்:

"சார், மாநகராட்சியில அனுமதி வாங்கிட்டீங்கல்ல?"

"எதுக்கு?"

"சுவருக்குள்ள குழாய் மாத்துறதுன்னா வாங்கணுமே."

"இதை இடிக்கிறதுக்கு முன்னாடி சொல்லக் கூடாதா?"

"நீங்க இடின்னுதானே சார் சொன்னீங்க?"

மறுநாள் மருமகன் மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனார். எதையாவது உளறி மாட்டிக்கொள்வாரே என்று நானும் கூடவே போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா, "இடிக்கப் போற சுவரோட போட்டோ கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டார்.

"இடிச்சாச்சுங்க."

நான் அவர் முழங்கையில் கிள்ளினேன்.

"அத்தை, எதுக்குக் கிள்றீங்க?" என்றார், வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி.

"இடிக்காத சுவருக்குத்தான் அனுமதி கொடுக்க முடியும். ஏற்கெனவே இடிஞ்சதை இடிக்க நான் எப்படிங்க கொடுக்கிறது?" என்று ஜன்னலை மூடிவிட்டார் அந்த அம்மா.

பிளம்பர் ஒரு வழி சொன்னான். மாடி வீட்டிலும் அச்சாக இதே சுவர்தான், அதைப் போட்டோ எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றான். "அது அவங்க சுவராச்சே" என்றார் மருமகன். அதற்கு மேல் பேச்சே இல்லை. கொத்தனார் வந்தார். சுவர் எழுந்தது, பூசி வெள்ளையும் அடித்தார்கள். அதன் முன்னால் என் மகளை நிறுத்திப் போட்டோ எடுத்தார். அப்படியொரு சிரிப்பு அவள் முகத்தில். அனுமதி கைக்கு வந்த அன்றே திரும்பவும் கடப்பாரையைத் தூக்கினார். என் மகள் ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"போட்டோவுக்காகத்தான் கட்டுறேன்னு சொன்னேனே!"

"விளையாட்டுக்குச் சொல்றீங்கன்னு நினைச்சேன்!"

"நான் என்னைக்கு விளையாடியிருக்கேன்?"

அவ்வளவுதான். அவள் பெட்டியைக் கட்டினாள். "குளிக்கிற இடத்துக்கும் சமைக்கிற இடத்துக்கும் நடுவுல சுவர்னு ஒண்ணு வந்தா சொல்லி அனுப்புங்க. நான் அக்கா வீட்டுல இருக்கேன். அம்மா, நீயும் கிளம்பு."

"மாப்பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல. நான் வரல."

"நீ எனக்கு அம்மாவா, அவருக்கு அம்மாவா?"

"இன்னைக்கு அவருக்கு. நீ போ."

புதுக் குழாய் போட்டு முடித்தார்கள். ஆனால் சுவரை மூடக் கூடாது. மாநகராட்சி இன்ஸ்பெக்டர் வந்து, தண்ணீரைத் திறந்துவிட்டு, இணைப்புகளில் கசிகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மூடலாமாம். எப்போது வருவார் என்று சொல்ல மாட்டார்களாம். வரும்போது வீட்டுக்காரர் இல்லையென்றால் முறை தப்பி வரிசையின் வாலுக்குப் போய்விடுமாம். ஆகவே என் மருமகன் வாசற்படியைத் தாண்டவில்லை. கடைக்குக்கூடப் போகவில்லை. காய்கறியெல்லாம் துணி கொடுக்க வந்தவர்கள்தான் வாங்கிவந்து கொடுத்தார்கள்.

மாமியாரும் மருமகனும் தனியாக இருக்கிற வீட்டில் குளிக்கிற இடத்துக்குச் சுவர் இல்லை. யோசித்துப் பாருங்கள். மிஞ்சிய துணிகளையெல்லாம் ஒட்டுப் போட்டு ஒரு திரை தைத்துக் குழாய்களுக்கு அந்தண்டை தொங்கவிட்டார். அது போதுமா? நான் ஒரு சட்டம் போட்டேன். நான் குளித்து முடிக்கிறவரைக்கும் முன்னறையில் மெஷின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் நின்றால் கத்துவேன்.

"மாப்பிள்ளை!"

"நூல் அறுந்துடுச்சு அத்தை!"

"சீக்கிரம் கோத்துடுங்க!"

இதையும் கேட்டுவிட்டுத்தான் மாடி வீட்டுக்காரி பைத்தியமென்று கதை கட்டினாள்.

மகள் தினமும் போன் செய்வாள். "சுவர் இருக்கா?" என்பாள். "இல்லை" என்பார். அவள் வைத்துவிடுவாள். ஒரு நாள் அவர் தன்னுடைய கால்சட்டை இடுப்பைத் தானே பிரித்துச் சின்னதாகத் தைத்துக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி அவர் தட்டில் இரண்டு தோசை கூடப் போட்டேன்.

இன்ஸ்பெக்டர் வந்தது நான் முகமெல்லாம் சோப்போடு நின்ற நேரம். மெஷின் நின்றது.

"மாப்பிள்ளை! நூலா?"

"நூல் இல்ல அத்தை. இன்ஸ்பெக்டர்!"

"குளிக்கிறாங்களா? அப்போ இன்னொரு நாள் பார்த்துக்கலாம்" என்று ஒரு குரல். அந்த இன்னொரு நாள் எந்த யுகத்தில் வருமோ! அதுவரை என் மகள் அக்கா வீட்டிலேயே வேர்விட்டுவிடுவாள்.

"கூட்டிட்டு வாங்க மாப்பிள்ளை! சமையல் பக்கமே நிக்கணும். திரை மேல கை பட்டுச்சு, கையை முறிச்சிடுவேன்!"

இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கம் நின்று டார்ச் அடித்தார். "தண்ணியைத் திறந்துவிடணுமே…"

"திறந்தாச்சு" என்றேன்.

"இன்னும் கொஞ்சம்மா."

"முழுசாத்தான் இருக்கு."

"வெந்நீர்க் குழாயையும் திறங்க."

"கண்ணுல சோப்பு. எது வெந்நீர்னு யாருக்குத் தெரியும்?" என்று கையில் கிடைத்ததைத் திருகினேன். மேலேயிருந்த ஷவர் என் தலையில் கொட்டியது. நான் போட்ட கூச்சலில் இன்ஸ்பெக்டர் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டார்.

"யாருங்க அது? குழாய் திறக்கத் தனியா ஆள் வச்சிருக்கீங்களா?"

"என் மாமியாருங்க."

எந்த இணைப்பிலும் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு, ஆளை விட்டால் போதுமென்று போனார். அன்றே கொத்தனார் வந்தார்.

பூச்சு காய்ந்ததும் நானே மகளுக்குப் போன் போட்டேன். "சுவர் வந்தாச்சு."

"தட்டிக் காட்டு."

கரண்டியால் தட்டினேன்.

"கதவைத் தட்டுற மாதிரி இருக்கு."

"அப்போ நீயே வந்து தட்டிப் பாரு!"

"அவர் வந்து கூப்பிடட்டும். இன்ஸ்பெக்டருக்காக வாசலைத் தாண்டாம இருந்தார்ல? எனக்காக ஒரு தடவை தாண்டட்டும்."

சொன்னேன். தைத்துக்கொண்டிருந்த கையை அப்படியே விட்டு எழுந்தார். தலை வாரினார். சட்டையை மாற்றினார். வாசற்படி வரை விறுவிறுவென்று வந்து நின்றுவிட்டார்.

"அத்தை, யாராவது வந்தா?"

"யாரு வரப் போறா?"

"இல்ல, இன்னொரு தடவை பார்க்கணும்னு…"

"வந்தா உட்கார வச்சுப் பேசிக்கிட்டிருக்கேன். நீங்க கிளம்புங்க!"

கொதிக்கிற தண்ணீரில் கால் வைப்பதுபோல ஒரு காலைத் தெருவில் இறக்கினார். பிறகு அடுத்த காலை. வெயிலில் கண் கூசியது போலிருக்கிறது, கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். நடந்தார். பஸ் நிற்கிற முனைக்குப் பாதி தூரம் போனதும், எதிரே வந்த சைக்கிள்காரர் ஒதுங்கி வழிவிடுகிற மாதிரி ஓடவே ஆரம்பித்துவிட்டார்.