பதினேழாம் கொக்கி

இந்திய விமானப்படை இத்தனை வருடமாக ஆகாயத்தில் நிற்பதற்கு ஒரே காரணம் எங்கள் மலையூர் மூஞ்சிக்கல் பரமானந்தம்தான். 1979-ல் அவர் மட்டும் படையில் சேராமல் கோழிப்பண்ணை வைத்திருந்தால், விமானங்களெல்லாம் இந்நேரம் துணி காயப்போடத்தான் உதவியிருக்கும். எதிரி நாட்டுத் தளபதிகள் படுக்கப் போகுமுன், ‘பரமானந்தம் லீவில் போய்விட்டானா?’ என்று ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பார்கள்.

சாக்லேட் வாங்க வருகிறவர்களிடம் இதை எடுத்துவிடுவது என் வழக்கம். கடை என் அம்மா லீலாவுடையது. கடைக்கும் பரமானந்தத்தின் ஒர்க்‌ஷாப்புக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான். கேட்டவர்கள் மரியாதையோடு எட்டிப் பார்த்தால், ஒரு வேனுக்கு அடியில் இரண்டு கால்கள் மட்டும் தெரியும். அந்தக் கால்கள் பேசும்.

“அந்தப் புள்ள சொல்றத நம்பாதீங்க. இருபது வருஷ சர்வீஸ்ல ரெண்டே தடவதான் பறந்தேன். ரெண்டு தடவையும் வாந்தி.”

அது உண்மைதான். சண்டை நடந்த பக்கம் அவரை யாரும் அனுப்பவே இல்லை. விமானத்தின் உடம்பை, அதாவது இறக்கை, சக்கரம், பிரேக் இவற்றைப் பார்க்கும் மெக்கானிக்காகச் சேர்ந்து, சார்ஜண்டாக வெளியே வந்தார். வடக்கே எந்த ஊரில் இருந்தார் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லமாட்டார். நாற்பது வருடத்துக்கு முந்திய ரகசியத்தை மூஞ்சிக்கல்லில் எந்த உளவாளி காத்துக் கிடக்கிறானோ தெரியாது.

இப்போது அவருக்கு அறுபத்தைந்து வயது. உட்காரவே மாட்டார். டீயை நடந்துகொண்டே குடிப்பார். சர்ச்சில் கடைசி பெஞ்சின் ஓரம்தான் அவர் இடம். பிரசங்கம் நீண்டால் எழுந்து வாசலுக்குப் போய்விட வசதி. கோயம்புத்தூரில் இருக்கும் மகள் கேத்தரின் ஒரு சாய்வு நாற்காலி வாங்கி அனுப்பினாள். அது பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் ஒர்க்‌ஷாப் மூலையில் இருக்கிறது. அதன்மேல் பழைய டியூப் நாலு கிடக்கின்றன.

அவர் உட்காருவதில்லை, சரி. ஆனால் எண்ணுவார். ஒர்க்‌ஷாப் சுவரில் வெள்ளைப் பலகை ஒன்று. நாற்பத்து மூன்று கொக்கிகள், நாற்பத்து மூன்று கருவிகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் உருவத்தைச் சிவப்பில் வரைந்து வைத்திருக்கிறார். ஸ்பேனரை எடுத்தால் ஸ்பேனர் மாதிரியே ஒரு சிவப்பு தெரியும். ஒரு வேலை முடிந்ததும் எல்லாம் மாட்டி, எண்ணிப் பார்த்து, எங்கேயும் சிவப்பு தெரியவில்லை என்றால்தான் வண்டியின் சாவியைக் கொடுப்பார். ஒன்று குறைந்தாலும் வண்டி நகராது. ஏர்போர்ஸில் அப்படித்தானாம். தொலைந்தது எங்கோ புல்லில் கிடக்கலாம், பறக்கிற விமானத்தின் வயிற்றுக்குள்ளும் கிடக்கலாம் அல்லவா?

இந்தப் பழக்கத்துக்கு ஒரு கதை உண்டு. அவர் சொன்ன கதை ஒன்றே ஒன்றுதான், அதையும் நடந்துகொண்டேதான் சொன்னார். தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கிடைத்த நாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. எண்ணாமலேயே ‘எல்லாம் சரி’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார். நாக்பூர் பக்கம் குளிருகிறதே என்று ஜெர்கின் பைக்குள் கையை விட்டால், உள்ளே ஒரு ஸ்பேனர். யாருக்கும் ஆபத்தில்லை. விமானத்துக்குள் விழுந்திருக்கக்கூடியது பையில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் இந்நேரம் அங்கே எண்ணியிருப்பார்கள், ஒன்று குறைந்திருக்கும் என்று நினைத்தவருக்கு அதற்குமேல் உட்கார முடியவில்லை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி எதிர் ரயில் ஏறினார். ஒன்றரை நாள் கதவுப் பக்கம் நின்றபடியே போய்ச் சேர்ந்தபோது, மூன்று விமானங்களை ஆணி ஆணியாகக் கழற்றித் தரையில் பரப்பியிருந்தார்களாம். தண்டனை, பதினாலு நாள் காவலறை. தங்கச்சி கல்யாணம் அவர் இல்லாமலே நடந்தது.

“அப்ப நின்னவர்தான், இன்னும் உக்காரல” என்று நான் சொன்னதற்கு, எண்ணெய்த் துணியை என்மேல் எறிந்தார்.

போன மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் மகளிடமிருந்து போன். தகரத்துக்கு இந்தப் பக்கம் இருந்தால் எல்லாம் கேட்கும், நான் வேண்டுமென்றே கேட்கவில்லை. ஒர்க்‌ஷாப்பை மூடிவிட்டுக் கோயம்புத்தூர் வந்துவிடுங்கள், அம்மாவும் இங்கேதானே இருக்கிறாள் என்கிறாள் அவள். அவர் சொன்ன பதில் எப்போதும் சொல்வதுதான். டெனிஸ் வண்டி மூன்றும் வரும்வரை இங்கேதான் இருப்பேன், அது நின்றால் வருகிறேன். டெனிஸ் சுற்றுலா வேன் ஓட்டுகிறவர். அவருடைய மூன்று வேன்களைத் தவிர அந்த ஒர்க்‌ஷாப்புக்கு வேறு பெரிய வரத்து இல்லை. அவை நின்றால், மகள் வீட்டு நாலாவது மாடியில் ஒரு பால்கனியில் இந்த மனுஷன் எட்டடி அந்தப் பக்கம், எட்டடி இந்தப் பக்கம் நடப்பார். நினைத்தாலே எனக்கு என்னவோ போல இருந்தது. அப்படி இருக்கும்போது நான் சும்மா இருப்பதில்லை. எதையாவது செய்து வைப்பேன்.

செய்தேன். டெனிஸின் வேனுக்குப் பிரேக் வேலை முடிந்து, பரமானந்தம் கை கழுவப் போன நேரம், பதினேழாம் கொக்கியில் இருந்த ரிங் ஸ்பேனரை எடுத்துவந்து எங்கள் கடையில் திறந்திருந்த ஒரு சாக்லேட் அட்டைப்பெட்டியின் அடியில், காகிதச் சுருளுக்குள் செருகினேன். பத்து நிமிடம் அலையவிட்டுப் பிறகு கொடுப்பதாகத் திட்டம்.

அவர் வந்தார். எண்ணினார். மறுபடி எண்ணினார். மூன்றாம் தடவை ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுக்கொண்டு எண்ணினார். நான் தகரத்தின் ஓட்டையில் கண்ணை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் என் முதுகுக்குப் பின்னால் அம்மா அந்தப் பெட்டியை டேப் போட்டு ஒட்டி, ஆர்டர் கொடுத்திருந்த மதுரைக் குடும்பத்தின் காரில் ஏற்றியிருந்தாள். நான் திரும்பியபோது கார் வளைவு தாண்டியிருந்தது.

பரமானந்தம் வேனின் நாலு சக்கரத்தையும் திரும்பக் கழற்ற ஆரம்பித்தார். டெனிஸ் வந்து நின்றார். லாட்ஜில் பன்னிரண்டு பேர் மூட்டை முடிச்சோடு காத்திருக்கிறார்கள், பழனிக்கு இறங்கி மத்தியானப் பூஜை பார்க்க வேண்டும் என்றார். முதலில் கெஞ்சினார். பிறகு குரல் ஏறியது.

“சார்ஜண்ட்டு, இது வேனு. இதுக்கு ரெக்க கிடையாது.”

“மலையில இருந்து இறங்குறதுதானே டெனிஸ்? பிரேக்குக்குள்ள ஸ்பேனர் கெடந்தா ரெக்க இல்லாமலே பறக்கும்.”

“அர மணி நேரம் தர்றேன். அதுக்குள்ள வண்டி வெளிய வரல, நாளையில இருந்து மூணு வண்டியும் வத்தலக்குண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போயிரும். சத்தியமா.”

பரமானந்தம் இரண்டாவது சக்கரத்துக்கு நகர்ந்தார். முழங்காலில் ஊர்ந்து தரையைத் தடவினார். ஒரு மழைச்சாக்கை உதறினார். அந்த நாற்காலியின் மேலிருந்த டியூப்களைக்கூட எடுத்துப் பார்த்தார். நான் போய்ச் சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை தகரம்வரை போனேன். வாய் வரவில்லை. சாதாரணமாக அது மூடாத வாய்.

அம்மாவிடம் சொல்லாமல் ஓடினேன். மூஞ்சிக்கல் முக்கில் இருக்கும் இரும்புக் கடையில் அதே அளவு ரிங் ஸ்பேனர் இருந்தது. என் சேமிப்பு அதோடு போயிற்று. வரும் வழியில் கல்லில் தேய்த்தேன், சாக்கடை மண்ணில் புரட்டினேன், பின்பக்கமாக நுழைந்து பழைய கிரீஸ் டப்பாவில் முக்கி, பாவாடையிலேயே துடைத்தேன். பார்க்க முப்பது வருடம் உழைத்த ஸ்பேனர் மாதிரியே ஆகிவிட்டது. டயர் அடுக்குக்குப் பின்னால் குனிந்து, எடுப்பதுபோல் எடுத்தேன்.

“மாமா, இந்தா இங்க கெடக்கு.”

அவர் வாங்கினார். திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், கொஞ்சம் அதிக நேரம். பலகையிடம் போய்ப் பதினேழில் மாட்டினார். சிவப்பு மறைந்தது.

“நாப்பத்தி மூணு” என்றார். சக்கரங்களை மாட்டி முடுக்க அவருக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. “எடுத்துட்டுப் போ டெனிஸ். திங்கக்கிழமை அடுத்த வண்டிய வெள்ளனே கொண்டாந்துரு.”

டெனிஸ் முணுமுணுத்தார். ஆனாலும் திங்கட்கிழமை என்று தலையாட்டிவிட்டுத்தான் போனார். எனக்கு மூச்சு திரும்பியது. என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

மத்தியானம் மூடுபனி இறங்கி வியாபாரம் மந்தமானபோது, பரமானந்தம் டீ கிளாஸோடு கடைக்கு வந்தார். வழக்கம்போல நின்றார். சாக்லேட் தட்டுக்குப் பக்கத்தில் அந்த ஸ்பேனரை வைத்தார்.

“என் சாமான் ஒவ்வொண்ணுலயும் உள் வளையத்துல நம்பர் அடிச்சிருப்பேன். இதுல இல்ல.”

நான் தட்டைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்த தட்டுதான்.

“அப்ப தெரிஞ்சேவா வண்டிய விட்டீங்க?” என்று கேட்டேன்.

“நீ கொண்டாந்து குடுத்ததாலதான் விட்டேன். பழசு வண்டிக்குள்ள இருந்தா நீ எதுக்கு புள்ள புதுசு வாங்கப்போற?” டீயை ஒரு வாய் குடித்தார். “எங்க இருக்கு?”

“மதுரைக்குப் போயிட்டு இருக்கு. சாக்லேட்டோட.”

அவர் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. இரண்டடி நடந்தார், திரும்பி வந்தார். ஆர்டர் நோட்டை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

“நம்பர் இதுல இருக்கும். போன் போட்டு, பெட்டிக்குள்ள இருக்குறத எடுத்து வைக்கச் சொல்லு. பேசி முடிச்சிட்டு அந்த ஸ்டூல்ல உக்காரு. காலையில இருந்து நீ உக்காரவே இல்ல, பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”