முட்டையைத் தின்னாத மீனும் ஹமீது பாயும்

வெள்ளிக்கிழமை காலை, "பாய், நீங்க ஜெயிச்சிட்டிய" என்று சொல்வதற்காகத்தான் போனைச் சுற்றினேன். தென்காசியில் ஹமீது பாயின் கடிகாரக் கடைக்குப் போன் கிடையாது. பக்கத்து மருந்துக்கடைக்காரர்தான் கூப்பிட்டு விடுவார். அன்று அவர் கூப்பிடவில்லை. "அண்ணாச்சி, ஒங்களுக்கு விஷயம் தெரியாதா? பாய் விடியக்காலம் தவறிட்டாரு. நெஞ்சுவலி" என்றார்.

"சரி, வந்ததும் பேசச் சொல்லுங்க" என்றேன். என் வாயிலிருந்து அப்படித்தான் வந்தது.

குற்றாலத்தில் நான் நடத்தும் லாட்ஜின் சுவர்க் கடிகாரத்தைப் பழுதுபார்க்க, எமர்ஜென்சி முடிந்த வருஷம் பாய் முதன்முதலாக வந்தார். கடையநல்லூர்க்காரர், என் வயதுதான். கடிகாரத்தை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டு, வரவேற்பறை மீன்தொட்டி முன்னால் ஒரு மணி நேரம் நின்றார். அதில் இருந்தவை செவரம் என்ற வளர்ப்பு மீன்கள். உள்ளங்கை அகலம், தட்டையான உடம்பு, வால் பக்கம் ஒரு கறுப்புப் பட்டை. அன்றிலிருந்து வாரம் தவறாமல் வந்தார். கடிகார லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு தொட்டிமேல் மூக்கை அழுத்தி நிற்பவரைப் பார்த்து, சீசனுக்கு வந்தவர்கள் சிரிப்பார்கள். அவருக்கு அதெல்லாம் உறைக்காது.

இந்த வருஷம் மெட்ராஸிலிருந்து, அதே செவரம் என்ற பெயரில், இன்னும் நாலு மீன் வரவழைத்தேன். பாய் வெகுநேரம் பார்த்தார்.

"இது வேற வகை அண்ணாச்சி. பழசுல ஆணுக்கு மொகத்துல நெளிநெளியா கோடு இருக்குல்லா? இந்த நாலுல ஒண்ணுக்காவது இருக்கா?"

"நாலும் பொட்டையா இருக்கும் பாய்."

"சரி, முட்டை போடட்டும். எப்பிடிக் காக்குதுன்னு பாப்போம்."

பத்து நாளைக்கு முன் அவற்றில் இரண்டு மீன்கள் ஜோடி சேர்ந்து கல்லின்மேல் முட்டையிட்டன. பழைய மீன்கள் என்றால், குஞ்சு பொரியும்வரை கல்லைச் சுற்றிக் காவல் நிற்கும். இங்கே மறுநாளே கல் வெறுமையாகக் கிடந்தது. இரண்டுக்கும் தாடை உப்பியிருந்தது, இரையைத் தொடவில்லை. முட்டையைத் தின்று அஜீரணம் என்று நானே முடிவுகட்டி மருந்து பாட்டிலைத் திறந்தேன். உள்ளே வந்த பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தின்னல அண்ணாச்சி. வாய்க்குள்ள வச்சுக் காப்பாத்துது. மருந்து ஊத்தினா அவ்வளவும் போயிரும்."

நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "கடிகாரம் ரிப்பேர் பாக்குதவருக்கு மீனப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். பாய் லென்ஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நீங்களே பாப்பிய. பாத்துட்டு ஒரு போன் போடுங்க" என்று மட்டும் சொல்லிப் படியிறங்கினார். மருந்தை நான் ஊற்றவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அந்த மீன்கள் வாயைத் திறந்தன. எள்ளு எள்ளாகக் குஞ்சுகள் வெளியே வந்தன. அதைப் பார்த்துவிட்டுத்தான் போனுக்கு ஓடினேன்.

கடையநல்லூரில் அடக்கம் முடிந்து வரும்போது மருந்துக்கடைக்காரர் பக்கத்தில் வந்தார். "கடையத் தொறக்குமுன்ன தெனமும் எங்கிட்ட வந்து, 'குத்தாலத்துலேர்ந்து போன் வந்துச்சா'ன்னு கேப்பாரு. நேத்தும் கேட்டாரு" என்றார். அத்தனை நாளும் போன் என் மேஜைமேல்தான் இருந்தது.

மாலையில் லாட்ஜுக்குத் திரும்பினால், தொட்டியில் ஒரு குஞ்சுகூட இல்லை. பதறிக் கிட்டே போனேன். தாடைகள் மறுபடி உப்பியிருந்தன. இருட்டுமுன் எல்லாவற்றையும் திரும்ப வாய்க்குள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. இப்படியும் செய்யும் என்று நான் அறிந்ததில்லை. உடனே சொல்லவேண்டும் போலிருந்தது; சொல்வதற்கிருந்த ஒரே ஆளை அன்று மதியம்தான் மண்ணில் வைத்திருந்தோம்.

ஹமீது பாய், இவை வேறு வகைதான். நீங்கள் பார்த்தது சரி, நான் பேசியது தப்பு. நல்லபடியாகப் போய் வாருங்கள்.