ஒரே வெட்டு

சோற்றுத் தட்டு அம்மாவின் புருவத்துக்கு மேலே பட்டு, சுவரில் மோதி, தரையில் சுழன்று நின்றது. குழம்பும் ரத்தமும் ஒன்றாக வழிந்ததில் எது எதுவென்று முதலில் தெரியவில்லை. நைனா கட்டிலில் சாய்ந்து மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். தட்டை எறிந்ததிலேயே அவருக்கு அவ்வளவு களைப்பு.

"உப்பு இல்ல," என்றார்.

உப்பு இருந்தது. நானும் அதே குழம்பைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நான் பஞ்சை வைத்து அழுத்த, அம்மா முந்தானையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "வுடு கண்ணு. கோவம் வருதில்ல? அப்ப ஆளு நல்லாத்தான் கீறாரு. கோவம் நின்னாதான் பயப்படணும்."

இதை அவள் எனக்கு ஆறுதலாகச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னாள். ஜீவனஹள்ளியில் எங்கள் தெரு முழுக்க அப்படித்தான் நம்பியது. வயசான ஆம்பளை கத்தினால் தெம்பு இருக்கிறது. அடித்தால் கையில் வலு இருக்கிறது. சுவரைப் பார்த்துச் சுருண்டு படுத்துவிட்டால்தான் கதை முடிந்தது. நைனா காலையில் சுவரைப் பார்த்துப் படுத்தார், மதியத்தில் அடித்தார். தெரு மதியத்தை மட்டும் பார்த்தது.

நைனா ஹமாலி வேலை பார்த்தவர். ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் சிமெண்ட் மூட்டையும் அரிசி மூட்டையும் தூக்கி அவர் வளர்த்த பெண் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள். பி.காம். படித்து, ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். இதை யாரும் கேட்காமலேயே எல்லோரிடமும் சொல்வேன். எனக்குக் கூச்சம் கிடையாது. நைனாவுக்கும் கிடையாது. "எம் பொண்ணு மூட்ட தூக்கமாட்டா. தூக்கறவனுக்குக் கூலி போடுவா," என்று ஷெட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

ஆனால் தெருவில் அவருக்கு இருந்த மரியாதை மூட்டையால் வந்ததில்லை. ஆடி மாதம் மாரியம்மனுக்குத் தெரு சார்பாகக் கிடா வெட்டுவது அவர்தான். கிடாவின் பிடரியில் மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டு எல்லோரும் வாய் திறக்காமல் காத்திருப்பார்கள். கிடா உடம்பைச் சிலுப்பினால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். பிறகு ஒரே வெட்டு. இரண்டாவது வெட்டு விழக்கூடாது. விழுந்தால் தெருவுக்கு ஆகாது. எனக்கு நினைவு தெரிந்து நைனாவின் கத்தி இரண்டாவது முறை எழுந்ததில்லை.

போன ஆடியில் எழுந்தது. அதற்கு முன்பே டீ கிளாஸ் அவர் கையில் நடுங்கத் தொடங்கியிருந்தது. நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, அவரும் பேசவில்லை. கிடா சிலுப்பியது. கத்தி இறங்கியது. பாதியில் நின்றுவிட்டது. கிடா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் கத்தியைப் பிடுங்க முயன்றார், முடியவில்லை. பிடுங்கி மறுபடி ஓங்கினார், அது கொம்பில் பட்டுத் தெறித்தது. கூட்டத்திலிருந்து ஒருவன் வந்து அவர் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு, கத்தியை எடுத்து வேலையை முடித்தான். நைனா ரத்தச் சேற்றில் உட்கார்ந்திருந்தார்.

"பெருசு, இனிமே கோழி வாங்கினா கூட கடைலயே வெட்டி வாங்கினு வந்துடு," என்றான் ஒருவன். சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் அதைவிட மோசம். தெருவில் போர்வெல் வற்றினாலும், யாராவது வண்டியிலிருந்து விழுந்தாலும், பார்வை எங்கள் வாசலுக்குத்தான் வந்தது.

நைனா கத்தியைக் கழுவிச் சிவப்புத் துணியில் சுற்றி, சமையல்கட்டுக்கு மேலே இருக்கும் சஜ்ஜாப் பரணில் போட்டார். அதற்குப் பிறகு டீக்கடைக்குப் போகவில்லை. விடியும் முன்பே விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்தார். சாப்பாடு குறைந்தது, தோள் எலும்பு சட்டைக்கு வெளியே தெரிந்தது. எதைச் சொன்னாலும் "இன்னாத்துக்கு" என்ற ஒரே பதில். கூடவே அடியும் தொடங்கியது. கைத்தடியால் டி.வி.யை உடைத்தார். மந்திரித்துத் தாயத்துக் கட்ட வந்த பூசாரியின் முகத்திலேயே அதைப் பிய்த்து எறிந்தார். அம்மாவின் விரல் ஒன்று இன்னும் சரியாக மடங்காது.

ஒரு நாள் மாலை கம்பெனி பஸ்ஸில் இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது தடி என் தோளில் இறங்கியது. காரணம் எதுவுமில்லை. நான் அவருக்குப் பிறந்தவள். தடியைப் பிடுங்கி முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்தேன்.

"இன்னொரு தபா கை வச்சே, கையவும் இப்டி ஒடச்சிடுவேன் நைனா."

அவர் கையை நீட்டினார். "ஒட. ஒடச்சிட்டு போ. இன்னாத்துக்கு இத வச்சினு கீறேன்?"

நீட்டிய கை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நான் அதைத் தொடவில்லை. அம்மாவைச் சமையல்கட்டுக்குள் இழுத்துப் போய், இது சாதாரணக் கோபமில்லை, டாக்டரிடம் காட்டலாம் என்றேன்.

"பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா? நல்லாருக்குதே. கோவக்காரன கூட்டினு போனா டாக்டரே சிரிப்பான். வூட்டுக்கு வூடு கோவக்காரன் இல்லாமலா கீறான்?"

இந்த ஆடி பிறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நைனா தானாகவே எழுந்து முகச்சவரம் செய்துகொண்டார். இட்லி கேட்டார், சாப்பிட்டார், உப்பைப் பற்றிப் பேசவில்லை. அம்மாவின் புருவத் தழும்பைப் பார்த்து, "ஒன்ன ரொம்ப பேஜார் பண்ணிட்டேன்மே," என்றார். என்னிடம், "ஒங்கம்மாவ நல்லா பாத்துக்குவ இல்ல?" என்றார்.

அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மட்டன் வாங்கப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என் காதில் சொன்னாள்: "ஆடி வருதில்ல, கத்திக்கு எண்ணெ போடணும்னாரு. நாந்தான் ஸ்டூல் போட்டு எடுத்துக் குடுத்தேன். பாத்தியா, மனுஷன் தேறிட்டாரு." தெருக்குழாயில் நின்றவர்களிடமும் அவள் அதையே சொல்லிக்கொண்டு போவது கேட்டது.

நான் பின்பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். நைனா குளிக்க வந்தார். பக்கெட்டில் மஞ்சளைக் கரைத்தார். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பிடரியில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினார். தேய்த்துக்கொள்ளவில்லை. குனிந்தபடியே நின்றார், எதற்கோ காத்திருப்பதுபோல. இன்னொரு சொம்பு ஊற்றினார். அப்போது அவர் தோளிலிருந்து விலா வரை உடம்பு ஒருமுறை சிலுப்பியது.

"உத்தரவு குடுத்துட்டா," என்றார். என்னிடம் சொல்லவில்லை.

அவர் ஈரத்தோடு உள்ளே போனார். எனக்குப் புரிவதற்குள் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. தோளால் கதவை மோதினேன். இரண்டாவது மோதலில் தாழ்ப்பாள் மரத்தோடு பெயர்ந்து விழுந்தது. தரையில் சாக்கை விரித்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தார். அம்மா கழுவ வேண்டியிருக்குமே என்று விரித்திருக்கிறார். கத்தி கழுத்தில் இருந்தது.

நான் கத்தியின் வாயைத்தான் பிடித்தேன். பிடியைப் பிடிக்க நேரமில்லை. அவர் என் மணிக்கட்டைக் கடித்தார். வயிற்றில் உதைத்தார். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியவில்லை. மல்லாத்தி மார்மேல் முழங்காலை ஊன்றினேன். விலா எலும்புகள் முறத்துக் குச்சிகள்போல முழங்காலுக்கு அடியில் அசைந்தன.

"வுடு. உத்தரவு வாங்கிட்டேன். வுடு."

"எவ குடுத்தா உத்தரவு? பச்சத் தண்ணிய ஊத்தினா யாரு ஒடம்புதான் சிலுப்பாது?"

அவர் கையைத் தரையில் அறைந்தேன். விரல் விடும்வரை அறைந்தேன். கத்தி நழுவி விழுந்தது. அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. போன ஆடியில் அந்தக் கிடா போட்ட சத்தம். மட்டன் பையோடு வாசலில் வந்து நின்ற அம்மாவிடம் என் கையை விரித்துக் காட்டினேன். சாக்கில் இருந்தது முழுக்க என் ரத்தம்.

என் கையைத் தைத்தவர்களே அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு லேடி டாக்டர், என்னைவிடச் சில வயது மூத்தவர், கன்னடமும் தமிழுமாக அம்மாவுக்கு விளக்கினார். வயசானவர்களுக்கு மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வராது. கோபமாக வரும், சாப்பாட்டை வெறுக்க வைக்கும், அடிக்க வைக்கும். அந்தக் கோபம் ஒரே நாளில் அடங்கி, எல்லோரிடமும் நல்ல வார்த்தை பேசினால் அன்றைக்குத்தான் பக்கத்தை விட்டு நகரக்கூடாது.

"அப்ப கோவம்ன்றது தெம்பு இல்லியா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா. நோவு."

அம்மா மடங்காத விரலால் புருவத் தழும்பைத் தடவினாள். "அப்ப இத்தினி நாளா நான் இன்னாத்த வாங்கினு இருந்தேன்?" என்றாள்.

மாத்திரைகள் தொடங்கின. ஒரே மாதத்தில் எல்லாம் சரியாகிவிடவில்லை. டம்ளர் இப்போதும் பறக்கிறது, முன்பைவிடக் குறைவாக. அம்மா இப்போது சிரிப்பதில்லை. "நோவு வந்துட்ச்சு," என்று சொல்லிவிட்டு அடி எட்டாத தூரத்துக்குத் தள்ளி நின்றுகொள்கிறாள்.

ஆடித் திருவிழா அன்று நான் லீவு போட்டேன். வெளியே பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். நைனா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பறை சட்டென்று நின்றது. தண்ணீர் ஊற்றிவிட்டுக் காத்திருக்கிறார்கள். அவர் முதுகு விறைத்தது. பிறகு கூட்டம் குலவையிட்டது, பறை மறுபடி எழுந்தது. ஒரே வெட்டு. வேறு யாரோ.

மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். திரும்பி எழுந்து உட்கார்ந்தார். மாத்திரையை எடுக்காமல் என் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். கட்டைவிரலால் தழும்பை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை தடவிப் பார்த்தார்.

"கோணலா போயிருக்குது."

"நீ வெட்னதுதான் நைனா."

"தெரியும். அதான் சொல்றேன்." கொஞ்ச நேரம் பறையைக் கேட்டார். "கை போயிட்ச்சு."

அவர் வாயால் அதைச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை. மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குக் கையை நீட்டினார். டம்ளர் அவர் கையில் ஆடியது. நான் தாங்கிப் பிடிக்கப் போகவில்லை. பாதி சட்டையில் சிந்தியது, பாதியைக் குடித்தார்.